நண்டைப் பொய்ச்சாட்சி ஆக்காதீர்கள்

நம் சமுதாய வாட்ஸ்அப் குழுக்களில் அறிவியலின் பெயரால் உலவும் செய்திகளுள் இப்போது நண்டுக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத உயிரினங்கள் மீண்டும் மீண்டும் நண்டாகவே மாறுகின்றனவாம். விளக்கம் சொல்ல முடியாமல் விஞ்ஞானிகள் திணறுகிறார்களாம். ஆகவே பரிணாமக் கொள்கை நொறுங்கிவிட்டதாம். முடிவில் ஒரு ‘ஸுப்ஹானல்லாஹ்’. பகிராவிட்டால் ஈமானில் குறையுள்ளவராகக் கருதப்படுவோமோ என்ற அச்சத்திலேயே பலர் பகிர்கிறார்கள். நாம் பகிரவில்லை. காரணம் எளியது: அந்த மூன்று கூற்றுகளும் தவறானவை.

முதலில் உண்மை நிகழ்வைப் பார்ப்போம். நண்டல்லாத ஓர் உயிர்க்கிளை காலப்போக்கில் நண்டின் உருவை அடைவதற்குக் ‘கார்சினைசேஷன்’ என்று பெயர். நண்டாதல் என்று நாம் சொல்லலாம். 1916ஆம் ஆண்டில் இப்பெயரைச் சூட்டியவர் பிரிட்டிஷ் விலங்கியலாளர் லான்சலாட் போரடேல். காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளின் உறவான ஒரு சிற்றுயிர் நண்டுருவை நெருங்கியிருப்பதை ஆராய்ந்தபோது அவர் இச்சொல்லை ஆண்டார். குறைந்தது ஐந்து முறை இது தனித்தனியே நிகழ்ந்திருப்பதாக இன்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஆனால் அந்த ஐந்தும் எங்கே நிகழ்ந்தன? மீனிலா, பூச்சியிலா, நத்தையிலா? இல்லை. இறால், சிங்கி இறால், துறவி நண்டு, நண்டு ஆகியவை அடங்கிய பத்துக்காலிகள் என்னும் ஒரே வரிசைக்குள், அதிலும் மிக நெருங்கிய இரு கிளைகளுக்குள் நிகழ்ந்தன. ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகளைத் தொடர்பில்லாதவர்கள் என்று எவரும் சொல்வதில்லை.

விளக்கம் இல்லை என்பதும் பொருந்தாது. சிங்கி இறாலின் வால் நீண்டது. ஆபத்து நேர்ந்தால் அவ்வாலை மடக்கி அடித்துப் பின்னோக்கிப் பாய்ந்து தப்பும். சதை மிகுந்திருப்பதும் அவ்வாலில்தான். எனவே வேட்டையாடும் உயிர்களின் குறியும் அதுவே. நண்டோ வாலைச் சுருக்கி மார்புக்கு அடியில் மடித்துக்கொண்டது. பாய்ந்து தப்பும் ஆற்றல் போயிற்று. பதிலாகத் தாழ்ந்து அகன்ற உடல் வாய்த்தது. பாறை இடுக்கில் ஒடுங்கலாம், பக்கவாட்டில் விரைந்து ஓடலாம், பிடிபடும் பகுதியும் குறைவு. நடக்கும் கால்களும் மடங்கும் வாலும் உறுதியான மேலோடும் முன்னரே அமைந்த ஒரு குடும்பத்தில் இம்மாற்றம் பலமுறை நேர்ந்ததில் மலைத்து நிற்க ஒன்றுமில்லை. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள் என்பது மெய்யே. விவாதிப்பது வேறு, திணறுவது வேறு. நம் இமாம்கள் கருத்து வேறுபட்டதைத் திணறல் என்று நாம் சொல்வதில்லையே! மேலும் இது ஒருவழிப் பாதையும் அன்று. தவளை நண்டுகள் எனப்படுபவை அடைந்த நண்டுருவை இழந்து மீண்டும் நீளுடல் பெற்றவை.

பரிணாமம் நொறுங்கிற்று என்பதற்கு வருவோம். அலாஸ்காவை ஒட்டிய கடலில் பிடிபடும் ‘கிங் கிராப்’ பார்வைக்கு முழு நண்டு. கால்களை எண்ணினால்தான் வேறுபாடு புலப்படும். உண்மை நண்டுக்கு இடுக்கிகள் நீங்கலாக நான்கு இணைக் கால்கள் வெளியே தெரியும். கிங் கிராபுக்கு மூன்று இணைகளே தெரியும், கடைசி இணை சிறுத்து ஓட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். பெண்ணைப் புரட்டிப் பார்த்தால் வயிற்றுத் தகடுகள் இடமும் வலமும் ஒத்திருப்பதில்லை. சங்கின் சுருளுக்குள் உடலை முறுக்கி வாழ்ந்த மூதாதையின் தடம் அது. 1992இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான மரபணு ஆய்வும் கிங் கிராபைத் துறவி நண்டுகளின் கிளைக்குள்ளேயே வைத்தது.

இங்கேதான் நம் அன்பர்களின் வாதம் நுனிக்கொம்பில் அமர்ந்து அடிமரத்தை வெட்டுகிறது. கிங் கிராபும் உண்மை நண்டும் வெவ்வேறு வழியில் இவ்வுருவை அடைந்தன என்பதை நமக்குச் சொன்னது எது? அவர்கள் மறுக்கும் அதே வம்சாவளி ஆய்வுதான். அதை மறுத்துவிட்டால் ‘மீண்டும் மீண்டும் நண்டாகின்றன’ என்ற வியப்புக்கே இடமில்லை. வெறும் நண்டுகள் பல இருக்கின்றன என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்த வழியில் நாம் முன்பே ஒருமுறை தலைகுனிந்திருக்கிறோம். ஹாரூன் யஹ்யா என்ற புனைபெயரில் துருக்கியின் அத்னான் ஒக்தார் 2006இல் வெளியிட்ட ‘படைப்பின் அட்லஸ்’ என்னும் பெருநூல் உலகெங்கும் இலவசமாக அனுப்பப்பட்டது. உயிரினங்கள் மாறவே இல்லை என்பதற்குச் சான்றாக அதில் அச்சிடப்பட்ட பூச்சிப் படங்களுள் ஒன்று, தூண்டிலில் கட்டும் செயற்கைப் பூச்சி. கொக்கியும் படத்தில் தெளிவாகத் தெரிகிறது! இஸ்லாத்தின் பெயரால் வந்த நூலைப் பார்த்து உலகம் சிரித்தது.

எதிர்த்தரப்பும் நண்டை விட்டுவைக்கவில்லை. கண்மூடித்தனமான இயற்கைக்கு வேறு வடிவம் தோன்றவில்லை, ஆகவே படைத்தவன் இல்லை என்று கேலி பேசுவோர் உண்டு. ஒரு வடிவம் எப்படி உருவாயிற்று என்பதிலிருந்து அதற்குப் பின்னால் எவரும் இல்லை என்ற முடிவு எப்படிப் பிறக்கும்? மழை பொழியும் முறையை அறிந்தவர் எவரும் அதனாலேயே மழையை அருட்கொடை அல்ல என்று சொல்லிவிட முடியாது. கேம்பிரிட்ஜின் தொல்லுயிரியலாளர் சைமன் கான்வே மோரிஸ் கிறிஸ்தவ நம்பிக்கையாளர். வெவ்வேறு கிளைகள் ஒரே வடிவை நாடுவதை அவர் தம் வாதத்துக்குப் பெரிதும் எடுத்தாள்கிறார். பரிணாமத்தை மறுத்து அன்று, ஏற்றுக்கொண்டு. அவரோடு உடன்படுவதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். அவர் பொய் சொல்லவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

நண்டு நமக்குப் புதிய பேசுபொருளும் அன்று. அதை உண்ணலாமா என்பதில் எத்தனை நூற்றாண்டு ஆய்வு நடந்திருக்கிறது! ஹனஃபி சட்டநூல்கள் கடல்வாழ் உயிர்களுள் மீனை மட்டுமே அனுமதிக்கின்றன; ஷாஃபிஈ அறிஞர்களிடையே நண்டைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஒவ்வொருவரும் வசனத்தையும் நபிமொழியையும் எடைபோட்டே பேசினார்கள். நண்டைத் தட்டில் வைப்பதற்கே இத்தனை ஆதாரம் கேட்ட சமுதாயம், அதே நண்டை இறைவனுக்குச் சாட்சியாக நிறுத்தும்போது ஓர் ஆதாரமும் கேட்காதது வெட்கக்கேடு. வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தை ஊர்ச்சண்டைகளுக்கு மட்டும் உரியதாக எண்ணிவிட்டோமா?

விலங்கியல் படிக்கும் நம் பிள்ளைகளை நினைத்தே இவ்வளவு கடுமையாக எழுதுகிறோம். ஆதம் (அலை) அவர்களின் படைப்பைப் பற்றி வஹீ சொல்வதை நாம் நம்புகிறோம்; அந்நம்பிக்கை நண்டின் வயிற்றுத் தகட்டைத் தாங்கி நிற்பதன்று. ஆனால் பிள்ளையிடம் இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே குரலில் சொல்கிறோம். ஆய்வுக்கூடத்து மேசையில் நண்டின் கால்களை எண்ணிப் பார்த்த பெண், வாப்பா அனுப்பிய செய்தி பொய் என்று அறிகிறாள். அவர் சொன்ன மற்றவற்றையும் அன்று முதல் அவள் ஐயத்தோடு பார்த்தால் குற்றம் யாருடையது?

ஆகவே இச்செய்தியைப் பகிர்ந்தவர்களிடமும், ஜும்ஆ மேடையில் எடுத்துச் சொன்ன பேச்சாளர்களிடமும் நாம் கேட்பது ஒன்றே. சத்தமின்றி அழித்துவிட்டு ஒதுங்காதீர்கள். எந்தக் குழுவில் அனுப்பினீர்களோ அதே குழுவில், எந்த மேடையில் சொன்னீர்களோ அதே மேடையில், நாங்கள் சொன்னது தவறு என்று சொல்லுங்கள்.