அளந்த பிறகே லூப்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை எல்லோருக்கும் ஏற்றவையாக மாற்ற விதிகள் வெளியானதிலிருந்து ஐந்தாண்டு அவகாசம் தந்தது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. அவகாசம் 2022 ஜூனில் முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டடங்களுக்கான அணுகல் தரங்கள் பரிந்துரையாக நின்றால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே சாய்தளம், லிஃப்ட் வரிசையில், மைக்கின் ஒலியைக் காந்தப்புலமாக மாற்றிக் காது கேட்கும் கருவிக்கு அனுப்பும் ஒயர் வளையமான லூப்பும் இனி ஒப்பந்தப்புள்ளிகளில் இடம்பெறும். பெரம்பலூர், அரியலூர் ஆட்சியர் அலுவலகங்களில் திங்கள்தோறும் மனுவோடு வருகிறவர்களுக்கும், 2022இல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் புறநோயாளிகளுக்கும் அது உண்மையிலேயே தேவை. ஆனால் தரையில் ஒயரை ஓட்டி, சுவரில் காதுச் சின்னத்தை மாட்டி, பில்லை வாங்கிக்கொண்டு போவதை வேலை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. அளவீட்டுத் தாள் இல்லாத லூப்பை ஏற்கவே கூடாது என்பது இந்த இதழின் நிலை.

அளக்க வேண்டியது எது என்பதில் குழப்பமில்லை. லூப்புக்கான ஐஇசி 60118-4 என்ற சர்வதேசத் தரப்படி, பேச்சு உச்சத்தில் காந்தப்புல வலிமை மீட்டருக்கு 400 மில்லி ஆம்பியர் இருக்க வேண்டும். ஆள் உட்காரும் இடமெங்கும் ஏற்ற இறக்கம் 3 டெசிபலைத் தாண்டக் கூடாது. அதாவது 283க்குக் கீழும் 566க்கு மேலும் போகக் கூடாது. 100 ஹெர்ட்ஸ் முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை இதே கட்டுப்பாடுதான். நடைமுறையிலோ, பலர் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை விட்டு, அறையின் நடுவில் ஒரே இடத்தில் மீட்டரைப் பிடித்து, அளவு வந்ததும் பெட்டியை மூடிவிடுகிறார்கள். கோளாறு ஒளிந்திருப்பது அங்கேயல்ல. கான்கிரீட் தளத்திலுள்ள கம்பிகள் காந்தப்புலத்தை விழுங்கும்; அதிர்வெண் ஏற ஏற விழுங்குவதும் கூடும். 1,000இல் தேறிய அறை 5,000இல் தோற்றிருக்கலாம். அப்போது குரல் சத்தமாகவே கேட்கும். பத்து எது, பட்டு எது என்பதுதான் பிரியாது. சிமென்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் நிறைந்த அரியலூரிலும், கல் குவாரிகள் உள்ள பெரம்பலூரிலும் இதற்குக் கூடுதல் கனம் உண்டு. இரைச்சலில் உழைத்த காது முதலில் இழப்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் அதிர்வெண்களைத்தான். காதில் ஏற்கெனவே குறைந்ததைத் தரையும் பறித்தால் லூப் போட்டு என்ன பயன்? ஆம்ப்ளிஃபயரில் உலோக இழப்பைச் சரிக்கட்டும் வசதியைத் திருத்த வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், சுற்றுச்சுவரோரம் ஓடும் ஒற்றை வளையத்தைக் கைவிட்டு, கட்டம் தள்ளி இயங்கும் இரட்டை வளைய அமைப்புக்கு மாற வேண்டும்.

நம் கூடங்களுக்கே உரிய இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, மின் இரைச்சல். லூப்பை அணைத்துவிட்டு மீட்டரின் ஹெட்போனைக் காதில் வைத்தபடி ஃபேன் ரெகுலேட்டர்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் பாதி வேகத்தில் எழுப்பும் கரகரப்பு அப்படியே கேட்கும். இன்வர்ட்டரில் ஓடும்போதும் ஒருமுறை கேட்க வேண்டும். இந்த இரைச்சல் 400ஐ விட 47 டெசிபல் தாழ்ந்திருப்பது இலக்கு. 32கூடத் தாழவில்லையென்றால், லூப்பைக் கூட்டிப் பயனில்லை, மின் வேலையைத்தான் சரிசெய்ய வேண்டும். மற்றொன்று, உயரம். உட்கார்ந்தவருக்கு 1.2 மீட்டர் என்பது நாற்காலிக் கணக்கு. கிராமசபையிலும் தேவாலயத்திலும் தரையில் அமர்பவரின் காது அதைவிட நன்றாகத் தாழ்ந்திருக்கும். தரையிலேயே ஒயர் ஓடும் இடத்தில், காது தாழத் தாழ ஒயரோரப் புலம் நடுவைவிட வெகுவாக ஏறி, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கூடும். பாய் விரிக்கும் இடத்தில் பாயின் உயரத்திலும் அளக்க வேண்டும்.

"கருவி அணிந்த ஒருவரை உட்கார வைத்துக் கேட்டால் போதாதா?" என்பார்கள். அவரைக் கேட்பது அவசியம்; ஆனால் அளவீட்டின் இடத்தில் அதை வைக்க முடியாது. சரியாகக் கேட்காதபோது நம் மக்கள் லூப்பைக் குறை சொல்வதில்லை, தம் காதையே நொந்துகொள்கிறார்கள். மேலும், அவர் கருவியில், லூப்பின் காந்தப்புலத்தைப் பிடிக்கும் டெலிகாயில் இருந்தும் அதற்கான புரோகிராம் திறக்கப்படாமல் இருக்கலாம். அது ஆடியாலஜிஸ்டின் பொறுப்பு. அரசுத் திட்டத்தில் கருவி பொருத்தும் அன்றே டெலிகாயிலைத் திறந்து, மைக்கில் கேட்கும் அளவுக்கு அதன் அளவையும் சமன் செய்து, பித்தானை அழுத்திக் காட்டி அனுப்ப வேண்டும். "புளூடூத் ஆராகாஸ்ட் வந்துவிட்டதே, லூப் எதற்கு?" என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. 2022இல் அறிவிக்கப்பட்ட அந்த நுட்பத்தின் எதிர்காலத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதைப் பெறும் வசதி கருவியிலேயே இருக்க வேண்டும். இலவசமாகவோ மலிவாகவோ கிடைத்த சாதாரணக் கருவியோடு இன்று மனு கொடுக்க வருகிறவரிடம், ஏழெட்டு ஆண்டு பொறுங்கள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

மீட்டர் வாங்கச் செலவாகும் என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் கட்டடத்துக்கு ஒன்று யாரும் கேட்கவில்லை. பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களான இவ்விரண்டுக்கும் பொதுவாக ஒரு மீட்டரும் பயிற்சி பெற்ற ஒருவரும் போதும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகங்கள் அதைப் பகிர்ந்துகொள்ளலாம். பொருத்தும் ஒப்பந்ததாரரிடம் ஒன்றைச் சொல்கிறோம்: இருக்கைவாரியாக, 100, 1,000, 5,000 ஹெர்ட்ஸ் என மூன்று அதிர்வெண்களில், இரைச்சல் அளவோடு தாளை எழுதி ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் ஒட்டிவிட்டு வாருங்கள். அதிகாரிகளிடம் சொல்வது: அந்தத் தாளைப் பார்க்காமல் தொகையை விடுவிக்காதீர்கள், ஆண்டுக்கு ஒருமுறையும், தரையோ மின் வேலையோ மாறும்போதெல்லாமும் திரும்ப அளக்கச் செய்யுங்கள்.