ஜகாவா... உஷாரா?

‘என்ன மச்சி, ஜகா வாங்கிட்டியா?’ – இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே நம்மள்ல பாதிப் பேர் எதையாவது செஞ்சு மாட்டிக்கிறோம்.

ராயபுரத்துப் பசங்களுக்கு ஜகா புதுசில்லை. ‘வர்றேன்’னு வாக்கு கொடுத்துட்டு, கிளம்புற நேரத்துல நழுவுறவன் ஜகா பார்ட்டி. வரலாமா வேணாமான்னே முடிவு பண்ணாதவன் மதில் மேல் பூனை. பூனையைப் பார்த்து ஜகான்னு சொல்றது தப்பு பாஸ்... அது இன்னும் வாக்கே கொடுக்கலையே!

மூணாவதா ஒண்ணு இருக்கு. ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே.’ இதுல ‘இறங்காதே’ன்னு எங்கேயாவது இருக்கா? அளந்துட்டு இறங்குன்னுதானே அர்த்தம்! வீட்டுல அப்பா இதைச் சொல்லி எதையாவது தடுத்தா, ‘சரிப்பா, எதை வெச்சு அளக்கலாம்?’னு கேட்டுப் பாருங்க. (திட்டு விழுந்தா நான் பொறுப்பில்லை.)

எனக்கு இந்த அர்த்தம் புரிஞ்சது போன வருஷம், எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில. இன்பிளான்ட் ட்ரெயினிங். ரொம்ப நாளா மூடிக் கிடந்த இரும்பு டேங்க்கைத் திறந்து வெச்சிருந்தாங்க. ‘காலிதானே, இறங்கிப் பாருங்க தம்பி’ன்னார் சூப்பர்வைசர். கூட வந்த ரெண்டு பேரும் ரெடி. எனக்குக் கால் வரலை. ‘டேய், ஜகா!’ன்னு சிரிப்பு வேற. பக்கத்துல இருந்த ஃபிட்டர் அண்ணன், திருவொற்றியூர்க்காரர், ‘இன்னா அவசரம்? மீட்டர் வரட்டும்பா’ன்னார்.

கயித்துல கட்டி கேஸ் மீட்டரை உள்ளே விட்டாங்க. நாம சுவாசிக்கிற காத்துல ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனா இறங்கக் கூடாது. மீட்டர் 17 காட்டிட்டு ‘கீ கீ’ன்னு கத்துது! ஆக்சிஜன் எங்கே போச்சு? துரு தின்னுடுச்சு. இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன் வேணும்னு ஸ்கூல்லயே படிச்சதுதான், அங்கே நிக்கிறப்போ ஞாபகம் வரலை. மூக்கையும் நம்ப முடியாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகின முட்டை மாதிரி நாறும். அளவு கூடினா மூக்கே மரத்துப்போய் நாத்தமே தெரியாது. இதுல பெரிய கொடுமை, உள்ளே விழுந்தவனைத் தூக்கக் குதிக்கிறவனும் சேர்ந்து விழுறதுதான்.

ப்ளோயர் போட்டு ஒரு மணி நேரம் காத்து அடிச்சாங்க. அப்புறம் மேலே, நடுவுல, அடியிலன்னு மறுபடி மூணு இடத்துல அளந்தாங்க. 20.8.

முதல்ல இறங்கினது நான்தான். உள்ளே பார்க்க ஒண்ணுமே இல்லை மக்களே, வெறும் துரு!