"வாயைக் கட்டு" என்பவர்களுக்கு...

"கொஞ்சம் வாயைக் கட்டினா என்ன?" உடம்பு பருத்த யாரும் இதைக் கேட்காமல் ஒரு கல்யாண வீட்டை விட்டு வெளியே வர முடியாது. கேட்டால், ஊக்கப்படுத்துகிறார்களாம்!

1945-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். மனசாட்சிக்காகப் போருக்குப் போக மறுத்து, இதற்குத் தாமாக முன்வந்தவர்கள். மன உறுதிக்குப் பஞ்சமில்லை. அவர்களே சாப்பாட்டு நினைப்பிலேயே கிடந்தார்கள். சிலர் சமையல் புத்தகம் சேர்த்தார்கள். பட்டினி முடிந்த பிறகு, வயிறு நிறைந்தும் சிலரால் நிறுத்த முடியவில்லை.

அப்படியிருக்க, அரியர் விழுந்த கவலையில் ராத்திரி மிக்சர் பாக்கெட்டைக் காலி செய்யும் பெண்ணிடம் "உனக்கு வைராக்கியம் இல்லை" என்பது என்ன நியாயம்? அந்த அவமானத்தில் மறுநாள் பகல் முழுக்கப் பட்டினி. ராத்திரி பசியும் அழுகையும் சேர்ந்து இன்னொரு பாக்கெட். மறுபடி திட்டு. கந்துவட்டி மாதிரி ஏறிக்கொண்டே போகிறது.

எடை குறைய வேண்டுமா? முதலில் மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடட்டும். கை பாக்கெட்டுக்குப் போகும்போது பசியா, கவலையா என்று பார்க்கட்டும். கவலை என்றால் அதைக் கேட்க ஒரு காது வேண்டும். அந்தக் காதாக இருக்க முடியாதவர்கள், தயவுசெய்து வாயைக் கட்டுங்கள்!