பதில் சொல்லாத உத்தரவாதம்

உத்தரவாதம் என்ற சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம். அதன் பொருளை எண்ணிப் பார்ப்பது அரிது. உத்தரம் என்பது பதில். வாதம் என்பது சொல், உரை. ஒரு செயலைக் குறித்தோ பொருளைக் குறித்தோ நாளை எவரேனும் கேள்வி எழுப்பினால், அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் எவனோ அவனே உத்தரவாதி. இன்று கைபேசிப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்படும் 'ஓராண்டு வாரண்டி' இந்தப் பொருளை ஏறக்குறைய இழந்துவிட்டது. கருவி ஒழுங்காக இயங்கும் வரை உத்தரவாதம் இருக்கிறது. கருவி பழுதானதும், பழுதுக்கு வாங்கியவரே காரணம் என்ற வாய்மொழி மட்டும் மிஞ்சுகிறது. இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவது ஒன்றுதான்: உத்தரவாதத்தை மறுப்பவர் அம்மறுப்பைக் காரணத்தோடும் சான்றோடும் எழுத்தில் தர வேண்டும், அதைக் கேட்டுப் பெறும் வழக்கம் நம்மிடையே வேரூன்ற வேண்டும்.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு நிகழ்வை முன்வைத்துப் பேசுவது நலம். நம் கல்லூரியில் இளங்கலை பயிலும் மாணவி ஒருவர் 13,500 ரூபாய்க்கு ஒரு திறன்பேசி வாங்கினார். அவருடைய தாயார் மகளிர் சுய உதவிக் குழுவில் கடனாகப் பெற்ற பணம் அது. ஏழாவது மாதத்தில் கருவி மின்னேற்றம் ஏற்க மறுத்தது. உதவித்தொகை விண்ணப்பத்திற்கு வேண்டிய கடவுச்சொல் வருவதும் அதில்தான், பாடக்குறிப்புகள் இருப்பதும் அதில்தான். நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தில் ஊழியர் சிம் தட்டை உருவி, துளைக்குள் ஒளி பாய்ச்சிப் பார்த்தார். "தண்ணி பட்டிருக்கு மேடம், வாரண்டி வராது" என்றார். சோதனை இரண்டு நிமிடங்களில் முடிந்தது. போர்டு மாற்ற வேண்டும், 6,200 ரூபாய் ஆகும் என்று சொல்லப்பட்டது. பழுதுச் சீட்டில் ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் எழுதப்பட்டன: 'கஸ்டமர் இண்டியூஸ்டு டேமேஜ்'. அவற்றின் கீழே மாணவி கையொப்பமிட வேண்டும் என்றார்கள். கருவி நீரில் விழவில்லை, மழையில் நனையவுமில்லை என்று அவர் சொன்னதற்குச் சீட்டில் இடமில்லை.

மொழி பயில்வோர் அந்த மூன்று சொற்களில் சற்று நின்று பார்க்க வேண்டும். 'உள்ளே ஈரத்தின் சுவடு காணப்படுகிறது' என்பது கண்டதைக் கூறல். 'அந்த ஈரத்தால் பழுது நேர்ந்தது' என்பது காரணம் கூறல். 'அந்த ஈரத்துக்கு வாடிக்கையாளரே பொறுப்பு' என்பது தீர்ப்பு. இம்மூன்றும் வெவ்வேறு கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சான்று வேண்டும். ஊழியர் பார்த்தது முதலாவதை மட்டுமே. எழுதியதோ மூன்றாவதை. இடையில் உள்ள இரண்டு படிகளையும் எவரும் ஏறவில்லை. கண்டதற்கும் தீர்ப்புக்கும் இடையிலுள்ள தொலைவை ஒரு தொகைச்சொல்லால் கடந்துவிடுவது அலுவலக மொழியின் பழைய தந்திரம். அதற்குக் கீழே இடப்படும் கையொப்பம் குற்றத்தை ஏற்றுக்கொண்டதற்குச் சான்றாக நாளை காட்டப்படலாம்.

அந்த முதல் கூற்றேனும் உறுதியானதா? கைபேசிகளுக்குள் ஒட்டப்படும் திரவக் காட்டி என்பது ஒரு சிறு வெண்ணிற ஒட்டுத்தாள். நீர் பட்டால் உள்ளிருக்கும் சாயம் கசிந்து சிவக்கும். காய்ந்த பின்னும் நிறம் மீளாது. நீர் எப்போது வந்தது, எவ்வளவு வந்தது, மின்சுற்றை எட்டியதா என்பவற்றை அது சொல்லாது. மின்னேற்றக் கோளாறு மென்பொருளாலும் வரலாம், மட்டமான பற்றவைப்பாலும் வரலாம், மின்கலத்தாலும் வரலாம். தட்டின் வாயில் ஒரு தாள் சிவந்திருப்பது இவற்றில் எதையும் விலக்கிவிடாது. கருவியைத் திறந்து, பலகையில் அரிப்பு உண்டா என்று பார்த்தாலன்றிக் காரணம் துலங்காது. இந்த ஒட்டுத்தாளை மட்டுமே நம்பி உத்தரவாதம் மறுக்கப்பட்டதாக அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கில், ஈரப்பதமான சூழலிலேயே அத்தாள் நிறம் மாறக்கூடும் என்பது மனுதாரர்களின் வாதங்களுள் ஒன்று. ஆப்பிள் நிறுவனம் தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலேயே, 2013இல் 5 கோடியே 30 லட்சம் டாலர் தந்து அவ்வழக்கைச் சமரசமாக முடித்துக்கொள்ள இசைந்தது. நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் வியர்வையில் ஊறிய சட்டைப் பைக்குள் கைபேசியோடு திரியும் நம் மக்களுக்கு இந்த வாதம் அயலானதன்று.

நிற்க. இன்னொரு முரணும் உண்டு. விற்கும்போது சொல்லப்படுவது ஒன்று, பழுதானபோது சொல்லப்படுவது வேறொன்று. விளம்பரத்தில் கைபேசி மழையில் நனைகிறது, குளத்தில் மூழ்குகிறது. பெட்டியின் மேல் ஐபி 67, ஐபி 68 என்ற எண்கள் பெருமிதத்தோடு அச்சிடப்படுகின்றன. இவற்றில் முதல் இலக்கம் தூசியைத் தடுக்கும் திறனையும், இரண்டாம் இலக்கம் நீரைத் தடுக்கும் திறனையும் குறிப்பவை. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும். 8 என்றால் அதனினும் கடுமையான, உற்பத்தியாளரே வரையறுக்கும் நிலைமைகளில் தாங்கும். ஆய்வுக்கூடத்து நன்னீரில் செய்யப்படும் சோதனை இது. இவ்வளவும் சொல்லி விற்ற பிறகு, உத்தரவாத அட்டையின் சிற்றெழுத்துகளில் 'திரவத்தால் ஏற்படும் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை' என்று எழுதி வைப்பது எவ்வகை நேர்மை? இதே கேள்வியை எழுப்பிய இத்தாலியப் போட்டி ஆணையம் 2020 நவம்பரில் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2022 ஜூனில், நீர்தாங்கும் திறன் குறித்துத் தவறான எண்ணம் தரும் விளம்பரங்களுக்காக, சாம்சங்கின் ஆஸ்திரேலியக் கிளை 1 கோடியே 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் செலுத்த ஆணையிட்டது. நீச்சல் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்பதுபோல் காட்டப்பட்ட அக்கருவிகளின் மின்னேற்றத் துளை, ஈரத்தோடு மின்னேற்றினால் அரித்துப்போகக்கூடியது என்பதே அவ்வழக்கின் மையம்.

தமிழ் வாசகர்க்கு இங்கே சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமல் போகாது. கோவலனைக் கள்வன் என்று காட்டிக்கொடுத்தவன் அரண்மனைப் பொற்கொல்லன். சிலம்பைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தகுந்த வல்லுநனும் அவனே. அரசியின் சிலம்பைக் கவர்ந்தவனும் அவனே. பாண்டியன் செய்த பிழை, வழக்கில் ஆதாயம் உள்ளவனின் வாய்ச்சொல்லையே வல்லுநர் கருத்தாகக் கொண்டதும், பொருளைத் திறந்து பாராததும். கண்ணகி கேட்டதோ, சிலம்பை உடைத்து உள்ளே முத்தா மாணிக்கமா என்று பார்க்கும்படிதான். சேவை மையத்தின் ஊழியரை நாம் கள்வன் என்று சொல்ல வரவில்லை. அவர் மாதச் சம்பளத்துக்கு உழைப்பவர். மேலிடத்து விதியை ஒப்பிப்பவர். ஆயினும் பழுது உற்பத்திக் கோளாறா, வாங்கியவரின் கைப்பிழையா என்ற வழக்கில், கைப்பிழை என்று முடிவானால் செலவு மிச்சமாவது நிறுவனத்துக்கு. அந்நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இயங்கும் மையமே சோதிப்பவராகவும் சாட்சியாகவும் நடுவராகவும் இருப்பது அறத்துக்கும் பொருந்தாது, பொது அறிவுக்கும் பொருந்தாது.

மறுதரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. கைபேசியைக் கிணற்றில் போட்டுவிட்டு, வெயிலில் காயவைத்து, ஒன்றும் அறியாதவர்போல் மையத்துக்கு வருவோரும் இருக்கிறார்கள். எல்லாருடைய சொல்லையும் அப்படியே ஏற்றால் வணிகம் நடவாது என்பார்கள். சரி, அப்படியாயின் நிரூபியுங்கள் என்பதே நம் விடை. காப்பீட்டு வழக்குகளில், ஒரு விலக்கு விதியைக் காட்டி இழப்பீட்டை மறுக்கும் நிறுவனமே அவ்விதி பொருந்துவதை நிறுவ வேண்டும் என்று நம் நீதிமன்றங்கள் சொல்லி வந்திருக்கின்றன. உத்தரவாத விலக்குக்கும் அதே அளவுகோல் பொருந்தாமல் போவதற்கு நமக்குக் காரணம் தெரியவில்லை. கருவியைத் திறக்கும் உரிமையும் கருவிகளும் அவர்களிடம் இருக்கின்றன. தானே திறந்து பார்த்தால் உத்தரவாதம் போய்விடும் என்று வாங்கியவரைத் தடுத்துவிட்டு, நிரூபிக்கும் சுமையையும் அவர் தலையில் ஏற்றுவது எப்படி முறையாகும்?

சட்டம் நாம் நினைக்கும் அளவுக்குத் தொலைவில் இல்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிறுவனத்தின் தலைமையகம் எந்த மாநகரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையிடலாம் என்பது அது தந்த பெரும் வசதி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் முறையீட்டுக்குக் கட்டணமில்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் முறையிட வேண்டும். விற்ற கடை, சேவை மையம், உற்பத்தியாளர் ஆகிய மூவரையும் எதிர்தரப்பினராகச் சேர்க்கலாம். 'கம்பெனியைப் போய்ப் பாருங்கள்' என்று கடைக்காரர் கைகழுவுவதற்கு அதுவே மருந்து. சோதனையின்றிக் குறைபாட்டைத் தீர்மானிக்க இயலாதெனில், பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. அதற்கான கட்டணத்தை முறையிடுபவர் செலுத்த நேரும். மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அது நீள்வதை நாம் மறைக்கவில்லை. அதற்கு முன்பே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். பல வழக்குகள் அந்தப் படியிலேயே முடிந்துவிடுகின்றன.

மாணவியின் வழக்கும் அப்படித்தான் முடிந்தது. அவர் சீட்டில் கையொப்பமிட மறுத்து வெளியே வந்தார். பிறகு நாமும் அவரும் அமர்ந்து நிறுவனத்துக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். அதில் மூன்று கேள்விகள் மட்டும். சிவந்ததாகச் சொல்லப்படும் தாளின் படம் எங்கே? பலகையைத் திறந்து சோதித்த அறிக்கை எங்கே? நீர் பட்டதனால்தான் மின்னேற்றம் நின்றது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? விலைச்சீட்டின் நகலை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம், 1915இலும் பதிந்தோம். பத்தொன்பதாம் நாள் தொலைபேசி அழைப்பு வந்தது. 'நல்லெண்ண அடிப்படையில், ஒருமுறைச் சலுகையாக' இலவசமாகப் பழுது நீக்கித் தருவதாகச் சொன்னார்கள். தேர்வு நெருங்கியிருந்தது, மாணவி ஏற்றுக்கொண்டார். அவர் செய்தது சரியே. கருவியைப் பெற்றுக்கொள்ளும்போது, கையொப்பத்துக்கு மேலே 'உத்தரவாதக் காலத்தில் செய்யப்பட்ட பழுதுநீக்கம்' என்று தம் கையால் தமிழில் எழுதினார். சலுகை என்ற சொல்லுக்கு அவர் உடன்படவில்லை.

நம் கவலை அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. மூன்று கேள்விகளுக்கும் இன்றுவரை பதில் இல்லை. கருவி சீரானது, பழுதுச் சீட்டிலிருந்த குற்றச்சாட்டு திரும்பப் பெறப்படவில்லை. உரிமையாக வர வேண்டியது சலுகையாக வந்ததால், அடுத்த நாள் அதே மேசைக்கு முன் நின்றவருக்கு அதனால் பயனேதும் இல்லை. கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு, எழுதித்தர ஆள் கிடைத்தவருக்கு நல்லெண்ணம். பிறருக்கு 6,200 ரூபாய். உத்தரவாதம் எல்லார்க்கும் ஒரே விலைக்கு விற்கப்படுகிறது. அது நிறைவேற்றப்படுவதோ ஆளைப் பொறுத்து. நாம் எதிர்க்க வேண்டியது இந்த வேறுபாட்டை.

ஆகவே அரசிடம் நாம் கேட்க வேண்டியவை இரண்டு. உத்தரவாதத்தை மறுக்கும் எந்தச் சேவை மையமும் காரணத்தையும் படத்தையும் சோதனை அறிக்கையையும் அதே இடத்தில் எழுத்தில் தர வேண்டும் என்ற விதி வேண்டும். உத்தரவாத அட்டையும் மறுப்புச் சீட்டும் வாங்குபவரின் மொழியில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் பொருளுக்குத் தமிழில். விற்பதற்கான விளம்பரத்தைத் தமிழில் எழுதத் தெரிந்த நிறுவனத்துக்கு, மறுப்பைத் தமிழில் எழுதுவது கடினமான வேலையாக இராது. அவ்விதிகள் வரும்வரை காத்திராமல், நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 'வாரண்டி வராது' என்று யாரேனும் சொன்னால், சண்டையிட வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். 'அதை எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டால் போதும். எழுதிக் கொடுத்தால் நம்மிடம் ஓர் ஆவணம் இருக்கிறது. எழுதிக் கொடுக்கத் தயங்கினால், அவர்களுடைய காரணத்தில் அவர்களுக்கே நம்பிக்கை இல்லை என்பது விளங்கிவிடும்.