ஒரு விக்கல் கற்பிக்கும் பாடம்

மொழிபெயர்ப்பு என்பது அகராதியைப் புரட்டி, ஒரு சொல்லை எடுத்துவிட்டு அவ்விடத்தில் மற்றொரு சொல்லை வைக்கும் வேலை என்று நம் மாணவர் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பிழையானது என்பது என் கருத்து. இதனை விளக்க அரிய சொல் எதுவும் வேண்டா. நாள்தோறும் நாம் கேட்கும் 'விக்கல்' ஒன்றே போதும்.

நம் பள்ளியில் பயின்று, பின்னர்ப் பொறியியல் கற்க ஜெர்மனி நாட்டிற்குச் சென்ற மாணவர் ஒருவர், சென்ற விடுமுறையில் என்னைக் காண வந்திருந்தார். ஆங்கிலேயர் 'ஹிக்கப்ஸ்' என்பதை ஜெர்மானியர் எவ்வாறு கூறுவர் என்று வினவினேன். 'ஷ்லுக்அவுஃப்' என்றார்.

உதரவிதானம் திடீரெனச் சுருங்க, மூச்சு உள்ளே பாய, குரல்வளையின் வாயில் சட்டென மூடிக்கொள்வதால் எழுவதே விக்கல். ஆங்கிலச் சொல் அவ்வோசையைப் போலப் பிறந்தது. ஜெர்மானியச் சொல்லோ 'விழுங்கு' என்னும் வினையோடு 'மேலே' என்னும் பொருளுடைய சொல்லைச் சேர்த்து அமைந்தது. நிகழ்ச்சி ஒன்றே. ஒரு மொழி அதனைச் செவியால் அறிந்தது. மற்றொரு மொழி தொண்டையால் அறிந்தது.

சொல் கிடைத்துவிட்டது; பணி முடிந்ததா? இல்லை. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் பன்மையில் வரும். ஜெர்மானிய மொழியில் ஒருமையிலேயே வரும். ஆயினும் அவ்விரு மொழியினரும் விக்கலைத் தம்மிடம் உள்ள ஒரு பொருளைப் போலவே குறிப்பிடுவர். நாமோ, "எனக்கு விக்கல் எடுக்கிறது" என்போம். "நான் காய்ச்சல் வைத்திருக்கிறேன்" என்று கட்டுரையில் எழுதிய மாணவனின் ஏட்டைத் திருத்தியவன் நான். அங்கே சொற்கள் தமிழாக இருந்தன. வாக்கியம் தமிழாக இல்லை!

மேலும், ஒரு பணியில் நேரும் சிறு தடங்கலையும் ஆங்கிலேயர் விக்கல் என்பர். ஜெர்மானியர் சிலர் பேச்சில் விளையாட்டாக அவ்வாறு கூறினும், அலுவலகக் கடிதத்தில் 'பன்னெ' போன்ற வேறு சொல்லையே எழுதுவர். நாமும் 'தடங்கல்' என்றே எழுத வேண்டும். "கட்டட வேலையில் விக்கல் ஏற்பட்டது" என்று எழுதினால் படிப்பவர் நகைப்பர் அல்லரோ?

இவ்வளவு வேறுபாட்டிற்கிடையே ஓர் ஒற்றுமையும் உண்டு. விக்கல் எடுத்தால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்னும் நம்பிக்கை நம்மிடையே இருப்பது போலவே ஜெர்மானியரிடமும் உண்டாம். "அங்கே விக்கும்போதெல்லாம் அம்மாவை நினைத்துக்கொள்வேன், ஐயா" என்றார் அம்மாணவர்.

மாணவச் செல்வங்களே! மலாய், ஆங்கிலம், தமிழ் ஆகிய மூன்றையும் நாள்தோறும் பயிலும் பேறு உங்களுக்கு வாய்த்துள்ளது. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும்போது சொல்லை மட்டும் தேடாதீர்கள். "இதனை நம் வீட்டில் எப்படிச் சொல்வோம்?" என்று முதலில் கேளுங்கள். வீட்டில் தமிழ் பேசும் பழக்கம் குன்றினால், அவ்வினாவிற்கு விடை கூற ஆளிருக்காது. அகராதி அப்போது துணை செய்யாது. பெற்றோர்களும் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.