வாடையும் சோளகமும் வகுப்பறைக்குள் வரட்டும்

பாலர் வகுப்புகளுக்கென அச்சிட்டு விற்கப்படும் பருவகாலப் படங்களை நேயர்கள் பலரும் பார்த்திருப்பர். தாளில் நான்கு கட்டங்கள். ஒன்றிற் பூத்துக் குலுங்கும் மரம். ஒன்றிற் கடற்கரையும் குடையும். ஒன்றிற் செம்மஞ்சளாகி உதிரும் இலைகள். நான்காவதில் வெண்பனியைத் திரட்டிச் செய்த பொம்மை மனிதன். நம் பிரதேசத்துப் பாலர் பாடசாலைச் சுவர்களிலும் இப்படம் தொங்கக் காண்கிறோம். நான்கு வயதுக் குழந்தையொன்று பனி மனிதனுக்குக் கரட் கிழங்கை மூக்காக வரைந்து ஆசிரியையிடம் காட்டி ஒரு நட்சத்திரமும் பெற்றுக்கொள்கிறது. அவ்வேளையில் வெளியே ஐப்பசி மழை கொட்டுகிறது. இரைச்சலிற் பாடம் கேட்கவில்லையென்று யன்னற் கதவுகள் சாத்தப்படுகின்றன!

அப்படத்தில் யாதொரு பிழையும் இல்லை. ஐரோப்பியக் குழந்தைக்கு அது தன் வீட்டு வாசலிற் காணும் உண்மை. ஜேர்மனியில் 1837ஆம் ஆண்டு சிறு பிள்ளைகளுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் 'கிண்டர்காட்டின்', அதாவது 'குழந்தைகளின் தோட்டம்', என்று பெயரிட்ட பிரெடெரிக் புரோபல், பிள்ளைகளுக்குச் சின்னஞ்சிறு பாத்திகளைப் பிரித்துக் கொடுத்து அவற்றிற் பயிர் செய்வித்தார். தம் மண்ணையும் தம் மழையையுமே அவர் பாடமாக்கினார். அப்பெயர் கடல் கடந்து எம்மிடம் வந்து சேர்ந்தது. பாத்திகள்தாம் வந்து சேரவில்லை.

எமது பருவங்களை இரண்டு காற்றுகள் ஆள்கின்றன. வைகாசி முதலாகத் தென்மேற்கிலிருந்து வீசுவது சோளகம். மாரியிலே வடகிழக்கிலிருந்து வருவது வாடை. முற்றத்தில் ஒரு தடியை நாட்டி, அதன் நுனியில் நீண்ட துணிக்கீற்றொன்றைக் கட்டிவிட்டாற் போதும். துணி எப்பக்கம் பறக்கிறதென்று காலைதோறும் பார்த்து வரட்டும். கோயிற் பக்கமா, கடற் பக்கமா என்று தாமறிந்த இடங்களைக் கொண்டே பாலர் திசை சொல்வர். துணி திரும்பிப் பறக்கத் தொடங்கும் நாளிற் காற்றின் பெயரும் மாறியதென்று சொல்லிக் கொடுக்கலாம். கச்சான் காற்று என்ற பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் உறித்துத் தின்னும் கச்சானையே நினைத்துச் சிரிப்பர். சிரிக்கட்டும், பெயர் மறக்காது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் எழும் பெரும் பட்டங்களை ஏற்றுவது இந்த வாடைதான் என்பதும் அப்போது விளங்கும்.

இனி மழைக்கு வருவோம். மாரிப் பாடம் என்றதும் நீலக் கடதாசியிலே துளிகள் வெட்டி நூலிற் கோத்துத் தொங்கவிடுதல் வழக்கம். பெரும்பாலும் அவற்றை வெட்டுபவர் கண்காட்சிக்காக இரவிரவாக விழித்திருக்கும் ஆசிரியையே. இதிற் பிள்ளை கற்றது யாது? இதனிலும் எளிதானதொன்று சொல்வோம். கழுத்து ஒடுங்காத, பக்கங்கள் நேரான கண்ணாடிப் போத்தலொன்றை வெட்டவெளியில் வைத்துவிடுங்கள். மறுநாட் காலையில் நீர் நிற்கும் உயரத்துக்கு ஒரு கடதாசிக் கீலத்தைப் பிள்ளை வெட்டி, அந்நாளுக்குரிய இடத்திற் சுவரில் ஒட்டட்டும். மழை பெய்யாத நாளுக்கு வெற்றிடம். இவ்விதம் ஒரு மாதம் ஒட்டி வந்தால் கார்த்திகை மாதம் முழுவதும் சுவரில் எழுந்து நிற்கும். "நேற்றைவிடக் கூட", "முந்தநாளிலும் குறைய" என்று பிள்ளைகள் தாமாகவே பேசத் தொடங்குவர். ஒன்று முதல் நூறு வரை ஒப்புவிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர், இருபதிற்கும் பதினைந்திற்கும் எது பெரிதென்று கேட்டால் விழிக்கின்றனர். இக்கீலங்கள் அக்குறையைச் சத்தமின்றித் தீர்க்கும். அளந்த நீரை நாள்தோறும் ஊற்றிவிடுதல் அவசியம். தேங்கிய நீரில் ஒரு வாரமளவிலேயே டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்டிவிடும். அந்த ஊற்றும் வேலையையும் முறைவைத்துப் பாலரிடமே கொடுக்கலாம்.

முதல் மழைகளின் பின் செம்பட்டுப் போர்த்தாற்போல் மணலில் ஊர்ந்து வரும் தம்பளப்பூச்சியை மறந்துவிடலாகாது. ஒரு சிரட்டையில் ஏந்திவந்து கால்களை எண்ணச் சொல்லுங்கள். எறும்புக்கு ஆறு, இதற்கோ எட்டு. சிலந்தியின் சுற்றத்தைச் சேர்ந்தது இது என்பதைக் கணக்கே காட்டிக்கொடுக்கும். எண்ணி முடிந்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். அதே காலத்தில் வேலியிற் சுடர்போற் பூக்கும் கார்த்திகைப்பூவைக் கண்ணாற் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்க. அதன் கிழங்கு கொடிய நஞ்சு; ஏனைய பகுதிகளும் நஞ்சே.

ஆறில்லாத குடாநாட்டுக்குக் கிணறே நீர்நிலை. ஆசிரியை மட்டும் கிணற்றடிக்குச் சென்று வாளியை இறக்கி, அது நீரைத் தொடும்போது கயிறு கட்டின் விளிம்பைத் தொடுமிடத்தில் ஒரு நிறத் துணியை முடிந்துவிடுவாராக. புரட்டாதியிற் சிவப்பு, மார்கழியிற் பச்சை. பின் கயிற்றை முற்றத்தில் நீட்டிப் போட்டால், வாளியிலிருந்து பச்சை வரை எத்தனை அடி, சிவப்பு வரை எத்தனை அடி என்று பாலர் தம் பிஞ்சுப் பாதங்களால் நடந்து எண்ணுவர். மழை எங்கே போயிற்று என்ற கேள்விக்கு இதனிலும் நல்ல விடையை எந்தப் படமும் தாராது. பிள்ளைகளைக் கிணற்றருகே அழைத்துச் செல்லுதல் மட்டும் எக்காரணம் கொண்டும் ஆகாது.

இவற்றையெல்லாம் விளையாட்டென்று முகஞ்சுளிக்கும் பெற்றோர் உளர். விசயதசமியன்று ஏடு தொடக்கிய பிள்ளை, தை பிறந்தும் கொப்பி நிறைய எழுதவில்லையே என்பது அவர்தம் மனத்தாங்கல். அண்டை வீட்டுப் பிள்ளை எழுதுகிறதாம்! ஆசிரியையும் மாதக் கட்டணம் தருபவரின் மனங்கோணாதிருக்க மூன்று வயதுக் குழந்தையின் கையிற் பென்சிலைத் திணிக்கிறார். அன்னையரிடம் நாம் கேட்பது இதுவே: கடதாசி வெட்டும் விரலும், மண் பிசையும் விரலும், முடிச்சுப் போடும் விரலுமே அன்றோ நாளை பென்சிலைத் தளராது பிடிக்கப் போகின்றன? கொப்பியைப் பார்க்குமுன் ஒரு தடவை பிள்ளையின் கையைப் பாருங்கள். இன்று வாடை வீசுகிறதா என்று அதனிடம் கேட்டும் பாருங்கள். அச்சொல்லைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கக்கூடிய கடைசி ஆள் ஒருவேளை அதன் பாட்டியாராயிருக்கக் கூடும்.

ஓரூரின் பாடத்தை மற்றோரூர் அப்படியே பிரதிசெய்தலும் பொருந்தாது. ஆடி மாதத்திற் சோளகம் புழுதி வாரித் தூற்ற யாழ்ப்பாணம் காய்ந்து கிடக்கையில், அதே காற்றால் ஹற்றன் மலைச்சரிவுகள் மழையில் நனைந்துகொண்டிருக்கும். தோட்டத்துப் பாலர் நிலையத்தில் மழைப் போத்தலை ஆடியிலே வைத்தல் வேண்டும். வடக்கில் அம்மாதம் கூழுக்குரியது. பச்சரிசி மாவும் பயறும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் ஆடிப்பிறப்பன்று கண்முன்னே கூழாவதைக் குழந்தைகள் பார்க்கட்டும். கூடவே பாட நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடலும் இருக்கிறது.

பனைதான் எமக்கு மிகவும் பிடித்த பாடம். ஆவணியிற் பழம் விழத் தொடங்கும். ஒரு பழத்தை முகர்ந்து, தும்பை இழுத்து, செம்மஞ்சட் களியிற் கைநனைத்துக் கடதாசியிற் பதித்து, உள்ளே எத்தனை விதை என்று பார்ப்பதற்கே ஒரு காலைப்பொழுது வேண்டும். மூன்று வரை இருக்கும். பிள்ளைக்கு ஒன்றாக இருபது கொட்டைகளைப் பொறுக்கி, மணலை உயர்த்திக் கட்டிய பாத்தியில் அடுக்கி மூடிவிடுங்கள். நீரூற்றுவதை மாரி பார்த்துக்கொள்ளும்.

அதன்பின்னர்தான் அதிசயம். பயற்றை நட்டால் இரண்டொரு நாளில் மேலே முளை தெரியும். பனையோ முதலில் நிலத்தின் கீழ்நோக்கியே இறங்குகிறது. மேலே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. "செத்துப் போச்சோ?" என்று பாலர் கேட்பர். சில வாரங்கள் சென்றபின் ஒரு கொட்டையை மட்டும் பெரியவர் ஒருவர் கத்தியாற் பிளந்து காட்டினால், உள்ளே வெண்மையாய் இனிக்கும் பூரானை ஆளுக்கொரு கிள்ளு சுவைத்து, உள்ளே உயிர் இருக்கிறதென்று நம்பி மேலும் காத்திருப்பர். தை மாதத்திற் பாத்தியைக் கிண்டலாம். நட்டவை இருபது, பிளந்தது ஒன்று, முளைக்காதவை இரண்டெனின் கிழங்கு பதினேழு. பதினேழை இருபது பேருக்கு எங்ஙனம் பங்கிடுவது என்ற வழக்கை ஆசிரியை தாமே தீர்த்து வையாது பிள்ளைகளிடம் விட்டுவிடட்டும். கிழங்கை உப்பிட்டு அவித்து, தோலுரித்து, நடுவிலுள்ள பீலியையும் தும்பையும் நீக்கிச் சிறு துண்டுகளாக முறித்துக் கொடுப்பது மட்டுமே பெரியவர் வேலை.