மாத்திரை கையுறை ஆகுமா?

போன மாதம் தெலுக் இந்தானில் சித்தி வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். சித்திக்கு வயது 57. செம்பனைத் தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கும் வேலை. இருபது வருடத்துக்கு மேலாக முதுகில் பம்பைச் சுமக்கிறார்.

விடியற்காலை ஐந்தரை மணி. வேலைக்குக் கிளம்பியவர் இரண்டு மாத்திரைகளை எடுத்து விழுங்கினார். ஒன்று 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி. மற்றொன்று வைட்டமின் இ. கையுறை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சித்தி, கையுறை போடலையா?"

"வெக்கையில கை வெந்து போவுதும்மா. அதான் மாத்திரை சாப்பிடுறேனே. மருந்தோட விஷத்தை இது முறிச்சிடுமாம். விக்க வந்த பையன் சொன்னான்."

மருந்தகத்தில் வேலை செய்பவள் நான். தினமும் இதே மாத்திரைகளை எடுத்துக் கொடுக்கிறேன். ஆனாலும் அன்று எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

அந்தப் பையன் சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் சித்தியிடம் விளக்குவது சுலபம். அதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல்.

பாராகுவாட் என்ற களைக்கொல்லியை நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் அதற்குத் தடை. அதற்கு முன்பு நம் தோட்டத்துப் பெண்கள் பலரின் முதுகில் இருந்தது அதுதான். உடலுக்குள் போனால், அது உயிரணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனிடம் கொடுத்துவிடும். அந்த ஆக்சிஜன் அடங்காத பிள்ளைபோல் சுற்றியிருப்பதையெல்லாம் சிதைக்கும். பாராகுவாட்டோ பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த எலக்ட்ரானைப் பிடுங்கப் போகும். இப்படியே தொடர்வதால்தான் நுரையீரல் கெட்டுப்போகிறது. வேறு பல பூச்சிமருந்துகளும் ஓரளவுக்கு இந்தச் சிதைவை உண்டாக்குகின்றன.

இதைத் தடுக்க நம் உடலிலேயே காவலர்கள் உண்டு. வைட்டமின் இ, உயிரணுவின் கொழுப்புச் சுவரில் நின்று காக்கிறது. அது களைத்துப்போனால் வைட்டமின் சி மீண்டும் தெம்பு கொடுக்கிறது. பூச்சிமருந்து கொடுத்த எலிகளுக்கு இந்த வைட்டமின்களையும் சேர்த்துக் கொடுத்தபோது, சிதைவின் அடையாளங்கள் குறைந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. பையன் சொன்ன பாதி உண்மை இதுதான்.

ஆனால், கூண்டு எலி வேறு. வெயிலில் பம்பு சுமக்கும் சித்தி வேறு. பாராகுவாட் நச்சேறி வந்த நோயாளிகளுக்கு மருத்துவர்கள் இந்த வைட்டமின்களைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இருந்தும் அதற்கு உறுதியான மாற்றுமருந்து இன்றுவரை இல்லை. சில பூச்சிமருந்துகள் நரம்பைக் கட்டுப்படுத்தும் நொதியையே முடக்கிவிடும். அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி வைட்டமினிடம் கிடையாது.

"நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் இல்லையே" என்று கடைக்கு வருபவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. 1994-இல் வெளியான பின்லாந்து ஆய்வு ஒன்றில், புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தினமும் 400 யூனிட் வைட்டமின் இ எடுத்த ஆண்களுக்கு புரோஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதிக அளவு வைட்டமின் இ எடுத்தால் இரத்தக் கசிவு ஏற்படலாம்.

அப்படியானால் வைட்டமினே வேண்டாமா? வேண்டும், தட்டில் வேண்டும். ஒரு நாளைக்கு நமக்குத் தேவையான வைட்டமின் சி 100 மில்லிகிராமுக்கும் குறைவு. 100 கிராம் கொய்யாவிலேயே 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பப்பாளி, கீரை, கச்சான் என்று சாப்பிடுபவருக்கு மாத்திரை எதற்கு?

மருந்து அடிப்பவர்களின் உடலுக்குள் நச்சு பெரும்பாலும் தோல் வழியாகத்தான் போகிறது. அந்த வாசலை மாத்திரை அடைக்காது, கையுறைதான் அடைக்கும். உள்ளே துணி வைத்த கையுறை வேண்டாம், துணி மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். கையைக் கழுவாமல் பசியாறக் கூடாது. வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. காற்றுக்கு எதிரே நின்று அடிக்கக் கூடாது. பாதுகாப்புச் சாதனங்களைத் தருவது முதலாளியின் பொறுப்பு. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி, அதற்காகத் தொழிலாளியிடம் காசு பிடிக்கவும் கூடாது.

இதையெல்லாம் சித்தியிடம் சொன்னபோது அவர் வாதாடவில்லை. ஆணியில் தொங்கிய கையுறையை எடுத்து என் மடியில் போட்டார். இரண்டு விரல்களில் ஓட்டை.

"புதுசு கேட்டு நாலு மாசம் ஆச்சும்மா. மாத்திரையாவது காசு குடுத்தா வீட்டுக்கு வருது."

எனக்குப் பேச்சு வரவில்லை. வெக்கை என்று அவர் சொன்னது பாதிதான் என்று அப்போது புரிந்தது. அன்று மாலை, புதுக் கையுறை கேட்டு ஒரு கடிதம் எழுதினோம். சித்தியோடு மருந்தடிக்கும் இன்னும் ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பதாம் நாள் கையுறை வந்தது.

உங்கள் அம்மாவோ அத்தையோ இந்த வேலையில் இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வைட்டமின் பாட்டில் வாங்கிப் போகாதீர்கள். முதலில் அவர்களுடைய கையுறையை வாங்கிப் பாருங்கள். விரல் நுனியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.